லாரியின் முதுகில் ஒரு டிஷ்: புதுச்சேரியிலிருந்து கிள்ளை வரை

முதல் நாள், செப்டம்பர் 24, புதுச்சேரி

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். மணிக்கு 140 கி.மீ. வரை வீசிய அந்தக் காற்றில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதையை ஊரே அறியும். என் நெஞ்சில் தங்கிப்போனது வேறொன்று. சென்னையில் இருந்த என் தங்கைக்கு ‘நாங்கள் நலம்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவனுக்கே அந்த நிலை. பிறகு 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டி, அடுத்து வந்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியே கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தபோது, அதே தவிப்பை இன்னொரு முறை பார்த்தேன். அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு எங்கள் குழுவின் லாரி போன இடங்களிலெல்லாம் மக்கள் முதலில் கேட்டது ‘உங்க போன்ல டவர் இருக்கா?’ என்பதுதான்.

அதனால்தான் இந்தப் பயணம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் டிஷ் ஒன்றை எங்கள் லாரியில் நிலையாகப் பொருத்தி, கடலோரமாகச் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள கிள்ளை வரை ஓட்டிப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றிடமிருந்து கருவியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வெளிநாட்டில் வாங்கிவந்த கருவியை உரிமமின்றி இங்கே இயக்குவது குற்றம் என்பதை, இம்முயற்சியில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று முழுவதும் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் உள்ள ஒரு பட்டறையில் மின்சார வேலைதான் நடந்தது. லாரி 24 வோல்ட் வண்டி. 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஒன்று 12.9 வோல்ட்டும் மற்றொன்று 11.8 வோல்ட்டும் காட்டின. ஒரே நாளில் வாங்கிய இரட்டையர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு வரக் காரணமே இல்லை. வயரிங் பார்க்கும் தம்பி இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, பழைய சிவப்புக் கம்பி ஒன்றை வெளியே இழுத்தார். எப்போதோ யாரோ கேபினில் உள்ள விசிறிக்கும் பாட்டுப்பெட்டிக்குமாக, இரண்டு மின்கலங்களுக்கும் நடுவிலிருந்து 12 வோல்ட்டைத் தனியே பிரித்து எடுத்திருந்தார்கள். இப்படிச் செய்தால் ஒரு மின்கலம் மட்டும் தினமும் வடிந்துகொண்டிருக்கும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே 28 வோல்ட்டில் ஏற்றுவதால், வடிந்தது ஒருநாளும் நிறையாது. நிறைந்ததோ அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். லாரிகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. டிஷ்ஷுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று சொல்லி அதே நடுமுனையில் இன்னொரு கம்பியை மாட்டுவது எளிது. மாட்டினால் புயல் நாளன்று வண்டியே கிளம்பாது. விசிறிக்குத் தனியாக ஒரு மின்னழுத்த மாற்றியைப் போட்டு, அந்தச் சிவப்புக் கம்பியை முழுவதுமாக அகற்றினோம்.

டிஷ்ஷுக்கென்று 25.6 வோல்ட், 50 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் மின்கலம் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம். அதன் கொள்ளளவு 1,280 வாட்-மணி. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜர் வழியாக அது நிறையும். வண்டியின் சொந்த மின்கலங்களை அது தொடுவதில்லை.

இரண்டாம் நாள், செப்டம்பர் 25, புதுச்சேரியிலிருந்து கடலூர்

டிஷ்ஷை எங்கே வைப்பது என்பதில் காலையில் நெடுநேரம் பேச்சு நடந்தது. கேபினின் தலைமேல் வைத்தால் உயரமும் பார்வையும் கிடைக்கும் என்றார் ஓட்டுநர் அண்ணன். ஆனால் கேபின் ரப்பர்களின் மேல் உட்கார்ந்து ஆடுகிற உறுப்பு. மேலும் ரயில்வே கேட்டின் உயரத் தடுப்பும் தாழ்ந்த மின்கம்பியும் நினைவில் நிற்க வேண்டும். கடைசியில் பாடியின் பின்பகுதியில், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் நேர்மேலே, சி சேனல் இரும்பில் ஒரு மேடை அமைத்து, அதைப் பலகை வழியே சேசிஸோடு கவ்விப் பிடிக்கும்படி போல்ட் போட்டோம். வெல்டிங் வைக்கவில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியமைக்க 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. எங்கள் மேடை, அரிசி மூட்டையைப் போல ஏற்றி இறக்கக்கூடிய சரக்காகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

டிஷ் தட்டின் விட்டம் 1.2 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 1.13 சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. காற்று முழு முகமாக மோதினால் தட்டின் மேல் சுமார் 23 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை விழும். காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், தானே புயலின் 140 கி.மீ. வேகத்தில் அதுவே 125 கிலோ ஆகிவிடும். ஆகவே புயல் வீசும் நேரத்தில் இதை நிமிர்த்தி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நேரத்தில் நிமிர்த்தினாலும் பயன் குறைவுதான். இக்கருவி பயன்படுத்தும் கேயூ (Ku) அலைவரிசையைக் கனமழை விழுங்கிவிடும். காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு, செல்போன் கோபுரங்கள் எழுந்து நிற்கும் வரையிலான அந்த இடைவெளிக்காகத்தான் இதைக் கட்டுகிறோம்.

பிற்பகலில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் வந்தோம். கன்னியக்கோயில் அருகே ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியபோது பின்னால் ‘கணீர்’ என்று ஒரு சத்தம். மடக்கிய தட்டின் கை, மேடையின் விளிம்பில் இடித்திருந்தது. ஓரத்தில் நிறுத்தி, பழைய டயர் டியூப்பை வெட்டி இடையில் வைத்து இறுகக் கட்டினோம். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மணல்தான் தெரிந்தது. ஒன்பது மாதங்களுக்கு முன் அந்த நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஓட்டுநர் அண்ணன் தூணைக் காட்டினார்.

மூன்றாம் நாள், செப்டம்பர் 26, தேவனாம்பட்டினம்

நான் எழுத நினைத்தவற்றில் முக்கியமானது இன்றுதான் நடந்தது. ஆகையால் இன்றைய குறிப்பு சற்று நீளும்.

நாங்கள் நோக்க வேண்டிய செயற்கைக்கோள் ஜிசாட்-11. 2018 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட 5,854 கிலோ எடையுள்ள அந்தக் கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே, 74 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிலைகொண்டிருக்கிறது. கடலூரிலிருந்து கணக்கிட்டால் அது தெற்கிலிருந்து மேற்காக 26 பாகை திரும்பிய திசையில், அடிவானத்திலிருந்து 74.6 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். தில்லியில் இதே கோள் 56 பாகை அளவில்தான் நிற்கும்.

இந்த உயரத்தால் வரும் முதல் நன்மை எளிதில் புரிவது: தென்னையும் மாடிவீடும் குறுக்கே வருவது அரிது. இரண்டாவது நன்மை நான் பட்டறையில் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்க்கும் வரை எனக்கே உறைக்கவில்லை. கோள் தலைக்கு மேலே நெருங்க நெருங்க, திசையில் செய்யும் பிழை சுருங்கிக்கொண்டே போகிறது. 74.6 பாகை உயரத்தில் திசையில் ஒரு பாகை தவறினால், கதிர் உண்மையில் கால் பாகைதான் விலகுகிறது. ஆனால் மேடை ஒரு பாகை சாய்ந்தால், அந்தச் சாய்வு கோள் இருக்கும் பக்கமாக விழும்போது ஒரு பாகையும் முழுதாகவே விலகிவிடுகிறது. லாரியின் இரும்பால் திசைகாட்டியின் முள் தடுமாறுவது பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நம் ஊரில் அதைக்காட்டிலும் கவலைப்பட வேண்டியது ரசமட்டத்தின் குமிழியைப் பற்றி.

வெள்ளிக் கடற்கரைக்குச் சற்று உள்ளே தள்ளி, கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, தட்டை நிமிர்த்தினோம். தட்டின் முகம் பார்க்கும் திசையும் கதிர் போகும் திசையும் இவ்வகை டிஷ்ஷில் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே இருபது பாகைக்கு மேல் வேறுபாடு உண்டு. கண்ணால் பார்த்தால் தட்டு வானத்தை விட்டுவிட்டுக் கெடிலம் ஆற்றுப் பக்கத்து மரங்களை நோக்குவதுபோலவே தோன்றும். கண்ணை நம்பாமல் கோணமானியை நம்பித் திருகினால் சைகை கிடைக்கிறது. முதல் முயற்சியில் இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. கோளை அனுமதியின்றித் தொடக்கூடாது என்பதால் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்தோம். அவர்கள் சோதனை அலையை அனுப்பச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர்களுக்கு எங்களால் இடைஞ்சல் இல்லை என்று உறுதி செய்த பிறகே இணைப்பைத் திறந்தார்கள். மோடத்தில் சைகையின் தரம் 11.2 டெசிபல். என் கைப்பேசியில் தங்கையின் முகம் வந்தது. பேசிய சொல் போய்ச் சேர்ந்து பதில் திரும்ப அரை நொடிக்கு மேல் பிடிக்கிறது, கோளின் தொலைவு அப்படி. 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் தாழ்வட்டக் கோள்களில் இந்தத் தாமதம் இருக்காது. தட்டைத் திருகித் தேடும் வேலையும் அங்கே இல்லை. ஆனாலும் நான்கு நாட்கள் காத்திருந்தவனுக்கு அரை நொடி ஒரு பொருட்டல்ல.

மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. மீன் காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னவென்று பார்க்க வந்தார்கள். “ஏறிப் பாக்கலாமா அண்ணே?” என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். அவர்கள் பாடியின் இடப்பக்க விளிம்பில் கால் வைத்த அந்தக் கணத்தில், மேடையில் ஒட்டியிருந்த ரசமட்டத்தின் குமிழி கோட்டைத் தாண்டி வழுக்கியது. மோடத்தின் எண் 11.2-இலிருந்து 8.6-க்கு விழுந்தது. அவர்கள் இறங்கியதும் குமிழி நடுவுக்குத் திரும்பி வந்தது, எண்ணும் ஏறியது. மறுபடி ஏறச் சொன்னோம். மறுபடியும் அதே. 36,000 கி.மீ. வானத்தைத் தாண்டி வரும் சைகையை, லாரியின் பட்டை ஸ்பிரிங் ஒரு விரற்கடை இறங்கித் தடுத்துவிடுகிறது. எங்கள் தட்டு அனுப்பும் கதிரின் அகலமே 1.2 பாகை அளவுதான். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், ஒரு பக்கம் ஒரு செ.மீ. தாழ்ந்தாலே 0.38 பாகை போய்விடும். நிவாரண வண்டியில் மூட்டை இறக்குவார்கள், பிள்ளைகள் தொற்றுவார்கள், வயதானவர்கள் சாய்ந்து நிற்பார்கள். டிஷ்ஷுக்காக மக்களை விலக்குவது என்பது இந்த வண்டியின் நோக்கத்துக்கே எதிரானது.

ஆகவே ஸ்பிரிங்கை வேலையிலிருந்து விலக்க வேண்டும். சேசிஸின் நான்கு மூலைகளிலும் திருகு ஜாக்கிகள் வைத்து, டயர்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வரை வண்டியை உயர்த்தினோம். இப்போது ஆறு பேர் ஏறியும் குமிழி அசையவில்லை. பிறகு வேண்டுமென்றே கடற்கரை மணலுக்கு வண்டியைக் கொண்டுபோய் அதே சோதனையைச் செய்தோம். இருபது நிமிடத்தில் தென்மேற்கு ஜாக்கி மணலில் ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கிவிட்டது. ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை தேடியபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “தேக்குப் பலகை எல்லாம் வேணாம் சார், பனையப் போடுங்க, தண்ணியில ஊறினாலும் பிளக்காது” என்று சொல்லி, படகைக் கரையேற்ற வைத்திருந்த பனைமரத் துண்டங்களையே எடுத்துக் கொடுத்தார். ஜாக்கி ஒன்றுக்கு ஒன்றாக வைத்தோம். மாலை வரை எண் 11-க்குக் கீழே வரவேயில்லை.

நான்காம் நாள், செப்டம்பர் 27, கடலூர் முதுநகர்

துறைமுகத்துக்கு வந்தது உப்பைப் பார்ப்பதற்காக. இங்கே இரும்பு எவ்வளவு வேகமாகத் துரு ஏறும் என்பதை எந்தப் படகு மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் மேடையில் தட்டைப் பிடிக்கும் போல்ட்கள் எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகு வகை, அலுமினியக் கையும் இரும்பு மேடையும் ஒன்றையொன்று தொடாதபடி நைலான் வாசர் வைத்திருக்கிறோம், தொட்டால் உப்பீரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இவ்வளவு பார்த்தும் கேபிள் முனை ஒன்றை விட்டுவிட்டோம். இன்று காலை இணைப்பு விட்டுவிட்டு வந்தது. கையின் நுனியில் சைகையை வாங்கும் எல்.என்.பி.யில் திருகியிருந்த முனையைக் கழற்றியபோது, நடுச் செம்புக் கம்பியைச் சுற்றிப் பாசியின் நிறத்தில் ஒரு வளையம்; உள்ளே ஒரே ஒரு துளி நீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. நேற்றுக் கடற்கரையில் வீசிய காற்றே போதுமானதாக இருந்திருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை, மழைநீர் வழியும் திசைக்கேற்பக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். முனைக்கு முன்னால் கேபிள் ஒரு முழம் தொங்கி வளைந்து வரும்படியும் கட்டினோம். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நண்பகலில் இன்னொரு பதற்றம். மேகமே இல்லாத வானம், குமிழி நடுவில், முனை புதியது. பன்னிரண்டரை மணியளவில் மோடத்தின் எண் இறங்கத் தொடங்கி, இணைப்பு அறுந்தேபோனது. தம்பி ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். நான் தட்டின் மேல் விழுந்த நிழலைப் பார்த்தேன். முன்னே நீட்டியிருக்கும் கையின் நுனியில் உள்ள பகுதியின் நிழல், சரியாகத் தட்டின் கீழ்விளிம்பருகே விழுந்திருந்தது. சூரியன் கோளுக்கு நேர்பின்னால் வந்து நின்றிருந்தான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிச் சில நாட்கள், சில நிமிடங்கள் இது நடக்கும். சூரியனின் இரைச்சலில் கோளின் மெல்லிய சைகை மூழ்கிவிடும். “கையை எடுத்துடுங்க தம்பி, எதையும் தொடாதீங்க” என்றேன். ஏழு நிமிடம் கழித்து அதுவாகவே திரும்பி வந்தது. அந்த ஏழு நிமிடத்தில் யாராவது தட்டைத் திருகியிருந்தால், அடுத்த அரை மணி நேரம் கோளைத் தேடியிருப்போம். வண்டியில் ஒட்டும் குறிப்புத் தாளில் இதைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 28, கிள்ளை

நேற்று மாலையே சிதம்பரம் வழியாகக் கிள்ளைக்கு வந்து, மீனவக் குடியிருப்பு ஒன்றின் ஓரத்தில் இரவு தங்கினோம். வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு, மின்கலம் மட்டும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே சோதனை.

கருவியோடு வந்த அடாப்டர் 230 வோல்ட்டுக்கானது. இன்வெர்ட்டர் வழியாக அதை ஓட்டியபோது மின்கலத்திலிருந்து 4.5 ஆம்பியர் போனது, 115 வாட். இன்வெர்ட்டரை நீக்கி, நிலைப்படுத்திய 24 வோல்ட்டை நேரடியாக மோடத்துக்குக் கொடுத்தபோது 3.6 ஆம்பியர், 92 வாட். இரண்டு முறை மாற்றி மாற்றி விரயம் செய்வதை விட்டதால், பதினோரு மணி நேரம் வரவேண்டிய மின்கலம் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் வரும். கம்பியையும் 6 சதுர மி.மீ. தடிமனில் போட்டதால், பன்னிரண்டு மீட்டர் போய்வரும் பாதையில் இழப்பு சுமார் 0.12 வோல்ட்டோடு அடங்கியது. ஃபியூஸை மின்கலத்தின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்திலேயே வைத்தோம். தள்ளி வைத்தால் இடையில் உள்ள கம்பிக்குக் காவல் கிடையாது.

கணக்கில் சேர்க்காத செலவு இரவு எட்டு மணிக்குத் தெரிந்தது. வைஃபை இருக்கிறது என்ற செய்தி பரவி வந்தவர்கள், பேசி முடித்ததும் கேட்டது சார்ஜ். ஒரு கைப்பேசி முழுதாக நிறைய, இழப்பையும் சேர்த்து 25 வாட்-மணி என்று வைத்தால், நாற்பது கைப்பேசிகள் ஆயிரம் வாட்-மணியைத் தின்றுவிடும். அது டிஷ் இரவு முழுவதும் ஓடுவதற்கான மின்சாரத்தைவிட அதிகம். இணைப்பு இருந்தும் கையில் இருப்பது செத்த போனாக இருந்தால் யாருக்கும் பயனில்லை. அதற்காக டிஷ்ஷின் மின்கலத்தைப் பகிர்ந்தால் இரண்டும் அணையும். கைப்பேசிகளுக்கென்று இன்னொரு மின்கலமும், அது நிறைய எஞ்சினை இடையிடையே ஓட்டுவதற்கான டீசல் கணக்கும் இனி தனி. இன்றைக்குப் பத்துப் பேருக்கு மட்டும் வண்டியின் மின்கலத்திலிருந்து ஏற்றிக் கொடுத்தோம், மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இரவு ஏழு மணிக்கு நூறு விழுக்காட்டில் தொடங்கிய டிஷ் மின்கலம், விடியற்காலை ஐந்து மணிக்கு 27-இல் நின்றது. எழுந்ததும் குமிழியைத்தான் முதலில் பார்த்தேன், நடுவிலேயே இருந்தது. தட்டை மடக்கி, நன்னீரால் உப்பைக் கழுவி, ஜாக்கிகளை இறக்கி, பெரியவர் கொடுத்த பனைத் துண்டங்களை எண்ணி ஏற்றினோம். திரும்பும் வழியில் தேவனாம்பட்டினத்தில் நிறுத்தி அவற்றைக் கொடுக்கப் போனபோது, வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்தில் பட்டறை வாசலில் வண்டி நின்றபோது மின்கலம் 94 விழுக்காடு காட்டியது. இரண்டாவது மின்கலத்தை உட்கார வைக்கும் தாங்கியை நாளை காலையில் வெட்டத் தொடங்குகிறோம்.